கடைசிப் பெயருக்கு முன் ஒரு மூச்சு

மாற்றுச் சான்றிதழ் என்று தலைப்பில் அச்சடித்திருந்தாலும் நம் வாயில் அது டி.சி.தான். அதை வாங்க நடையாய் நடப்போம். கைக்கு வந்ததும் நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டிவிடுவோம். வாய்விட்டு யாரும் அதைப் படிப்பதில்லை. என் தம்பி மகள் படித்திருக்கிறாள். சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படித்துவிட்டு, இரண்டாம் ஆண்டுக்கு ஆத்தூர் வடசென்னிமலையில் இருக்கும் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கு மாறி வந்தவள். அந்த மாற்றத்தைப் பன்னிரண்டு நிமிட ஒலிக்கட்டுரையாகச் செய்திருக்கிறாள். கேமரா இல்லை, படம் இல்லை. கைபேசியும் காதும்தான்.

கட்டுரை டி.சி.யிலிருந்துதான் தொடங்குகிறது. பெயர். தந்தை பெயர். பிறந்த தேதி. சேர்ந்த நாள். நீங்கிய நாள். குணமும் நடத்தையும்: நன்று. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கிறாள். ‘கல்லூரியை விட்டு நீங்கும் காரணம்’ என்ற கட்டம் வருகிறது. ‘பெற்றோர் வேண்டுகோள்’ என்று படிக்கிறாள். அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டிய இடத்தில் போகவில்லை. ஒரு ‘டக்’. மாத்திரை அட்டை உடைகிற சத்தம். இன்னொரு ‘டக்’. பிறகு வீட்டுக்குள் சற்றுத் தள்ளி நின்று பேசும் அவள் குரல்: “அம்மா, இந்த வெள்ளை காலையிலயா ராத்திரியிலயா?”

அவ்வளவுதான். அப்பாவுக்கு என்ன நோய், எப்போது வந்தது, சென்னை விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று பன்னிரண்டு நிமிடத்தில் எங்குமே அவள் சொல்லவில்லை. என் தம்பியின் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாத்திரை அட்டையின் சத்தம் உண்மையில் இரண்டு சத்தம். பிளாஸ்டிக் குமிழ் உள்ளே மடங்குவது ஒன்று. பின்பக்கத்து அலுமினியத் தாள் கிழிவது அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி உண்டு. வீட்டில் தினமும் மாத்திரை உடைத்துக் கொடுப்பவர்களின் விரலுக்கு அது தெரியும். கைபேசியை எவ்வளவு பக்கத்தில் வைத்திருந்தால் அந்த இடைவெளி பதிவில் விழும் என்று யோசித்துப் பார்த்தேன். மாத்திரை டப்பாவுக்கு உள்ளேயே வைத்திருப்பாள் போல.

படிவம் ஒரு காரணத்தைச் சொல்கிறது. சத்தம் ஒரு காரணத்தைச் சொல்கிறது. இரண்டும் பொய் இல்லை. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறாள். இந்தக் கட்டுரையின் அழகெல்லாம் இப்படி விலகிக்கொள்கிற இடங்களில்தான் இருக்கிறது.

எங்கள் தலைமுறைக்குக் காதால் கேட்கும் கட்டுரை புதிதல்ல. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. கெங்கவல்லிப் பக்கத்து வீடுகளில் எங்கள் சிறுவயதில் காலையில் ஒலித்ததும் அதுதான். அதில் உரைச்சித்திரம் என்று ஒன்று வரும். ஒருவர் படிப்பார், நடுவில் ரயில் ஓடும், மழை பெய்யும், கதவு கிறீச்சிடும். எல்லா ஊர் ரயிலும் ஒரே ரயிலாகத்தான் இருக்கும். நிலையத்தில் இருந்த தட்டு அப்படி. அதைக் குறையாக அன்று யாரும் நினைக்கவில்லை. ரயில் என்று தெரிந்தால் போதும். தம்பி மகள் செய்திருப்பதில் ரயில் என்று தெரிவது போதவில்லை, எந்த ரயில் என்று தெரிய வேண்டியிருக்கிறது. எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக ஆத்தூர் தாண்டிச் சேலம் போகும் இரவு ரயில் அது. பெட்டிக்குள் பாதிப் பேர் தூங்குகிறார்கள். ஒருவர் மட்டும் கைபேசியில், “சின்னசேலம் தாண்டிருச்சு, வண்டிய எடுத்துட்டு வந்துருடா” என்கிறார். ஊரை நெருங்குகிறது என்று அவள் சொல்லவே வேண்டியதில்லை.

குரல் விஷயத்தில் மட்டும் அவள் பழைய வானொலியின் பேத்தி. தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லும் விதம் நினைவிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்த மாட்டார், தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்க மாட்டார். வேளாண்மை படித்துவிட்டு வானொலிக்கு வந்தவர். வரப்பில் நின்று பேசுகிற நிதானம் கடைசிவரை அவர் பேச்சில் இருந்தது. இவளுக்கு அவர் யாரென்றே தெரியாது. அவர் இறந்தது 2009-இல். அப்போது இவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருந்தும் அந்த நிதானம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. இன்றைய இளைஞர்கள் ஒலிப்பதிவில் பேசும்போது முதல் நொடியிலேயே நம் தோளில் கைபோட்டுவிடுகிறார்கள். “ஹாய் மக்களே” என்று இவள் தொடங்கவில்லை என்பதற்காகவே பாதி மதிப்பெண் போட்டுவிடலாம்.

எழும்பூர் என்றதும் ஒரு கிளைக்கதை. கல்லூரி மாறிய தமிழர்களில் உலகம் அறிந்தவர் கணிதமேதை ராமானுஜன்தான். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பினார். 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேரச் சென்னைக்கு வந்தவர், எழும்பூரில் இறங்கிய களைப்பில் நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே தூங்கிவிட்டார். யாரோ ஒருவர் எழுப்பி, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, கல்லூரிக்கு வழி சொல்லி அனுப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் திறந்தது 1908-இல். ஆகவே அவர் தூங்கியது இதற்கு முந்தைய எழும்பூரில். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் நம்மிடம் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன. அந்தக் காத்திருப்பு அறையில் என்ன சத்தம் கேட்டது, எழுப்பியவர் “தம்பி” என்றாரா “சாமி” என்றாரா என்பது மட்டும் போய்விட்டது. மாறிப்போகிறவன் இரண்டு கல்லூரிக்கும் சொந்தமில்லாமல் இருக்கும் அந்த நடுப்பொழுதுக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. பச்சையப்பனும் அவருக்குக் கைகொடுக்கவில்லை, எஃப்.ஏ. தேர்வில் தேறாமலே போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இவள் அந்த நடுப்பொழுதுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறாள். கட்டுரையில் கால்பங்கு. பேச்சு மிகக் குறைவு. ரயில் ஆத்தூரில் நிற்கிறது, சக்கரப் பெட்டி நடைமேடையில் உருள்கிறது. சென்னையில் சிமென்ட் வழவழப்பில் சீராக உருண்டதை முன்பே கேட்கவிட்டிருக்கிறாள். இங்கே அதே சக்கரம் கல்லில் தடதடக்கிறது. வெளியே அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸெல். ஒரு உதை, இரண்டு உதை, மூன்றாவதில்தான் வண்டி கிளம்புகிறது. அப்பாவின் குரல் கட்டுரை முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. அவருக்குப் பதிலாக அந்த உதைகள் பேசுகின்றன. முதல் இரண்டு உதைக்கும் மூன்றாவதற்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறாள், கூட்டியும் வைக்கவில்லை. ஒலியைச் சற்றே தூக்கியிருந்தால் அது நம்மை அழவைக்கும் தந்திரமாகியிருக்கும்.

பிறகு பேருந்து. தினமும் கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர், அங்கே இறங்கி வேறு வண்டி பிடித்து வடசென்னிமலை. ஆத்தூர் நிலையத்தில் மாலை நேரத்து நடத்துநர் குரல் ஒன்றைப் பிடித்திருக்கிறாள் பாருங்கள்: “கெங்கவல்லி, கூடமலை, தம்மம்பட்டீ...” கடைசி எழுத்தை அவர் நீட்டும் நீட்டலில் ஏறாதவனும் ஏறிவிடுவான். 2021-க்குப் பிறகு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அவளுக்குக் காசு எண்ணுகிற சத்தம் இல்லை. பக்கத்து இருக்கைப் பெரியவருக்குச் சில்லறை விழுகிறது, இவளுக்குச் சீட்டு கிழிகிற சத்தம் மட்டும். நான் இதை அவளிடம் சொன்னபோது, “அதெல்லாம் நான் யோசிக்கல பெரியப்பா, அப்படியே விழுந்துச்சு” என்றாள். இருக்கட்டும். விழுந்ததைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வதற்கும் ஒரு காது வேண்டும்.

வாசனையை ஒலிநாடாவில் பிடிக்க முடியாது என்பார்கள். எங்கள் பகுதியில் வாசனை இல்லாமல் எதைச் சொல்வது? மரவள்ளிக் கிழங்கு விளையும் நாடு இது; சேகோ ஆலை இருக்கும் பக்கமாக வண்டி போனால் புளித்த மாவு நாற்றம் ஜன்னல் வழியே ஏறும். இவள் என்ன செய்திருக்கிறாள் என்றால், பேருந்தில் பேசிக்கொண்டு வந்த இரண்டு பெண்களின் பேச்சை ஓடவிடுகிறாள். யாருக்கோ சீர் செய்த கதை. திடீரென்று ஒருத்தியின் குரல் மூக்கடைத்த குரலாக மாறுகிறது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டும் கதையை நிறுத்தவில்லை. சிறிது தூரம் போனதும் குரல் பழையபடி திறக்கிறது. ஆலை கடந்துவிட்டது! இந்த ஊர்க்காரர் யார் கேட்டாலும் அந்த இடத்தில் மூக்கைச் சுளிப்பார்கள். வெளியூர்க்காரர் ஒரு பெண்ணுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அவர்களுக்கு விளக்கம் சொல்ல இவள் மெனக்கெடவில்லை. நான் மிகவும் ரசித்த இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று சுவேத நதி. கொல்லிமலையில் பிறந்து எங்கள் பக்கமாக ஓடும் ஆறு. ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முள்ளும்தான். ஓடாத ஆற்றை எப்படிக் கேட்கவைப்பது? பாலத்தின் மேல் பேருந்து ஏறியதும் சக்கரத்தின் ஓசை மாறுகிறது, பாலத்து இணைப்புகளில் தட்-தட், தட்-தட். கரை வந்ததும் பழைய இரைச்சல். அவ்வளவுதான் ஆறு. இவள் வாய்திறந்து “ஆறு” என்று சொன்னது அந்த இரைச்சல் திரும்பிய பிறகு.

இனி வகுப்பறை. நடுவில் கல்லூரி மாறி வருகிறவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் எங்கே எழுதப்படும் என்று கவனித்திருக்கிறீர்களா? அகரவரிசை முதலாண்டிலேயே முடிந்துபோயிருக்கும். அதன்பின் வருகிற பெயர் கடைசியில், மையின் நிறம்கூட வேறாக, கோட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவள் பெயர் ‘அ’வில் தொடங்குவது. பள்ளிக்கூடத்திலும் சரி, சென்னையிலும் சரி, முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் வந்துவிடும். கூப்பிட்டதும் சொல்லிவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்த்த பிள்ளை. இங்கே வகுப்பு முழுக்க முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்ல அவள் கையாண்ட உத்தியை எத்தனை பாராட்டினாலும் தகும். தோழிகளிடமும் பேராசிரியையிடமும் அனுமதி வாங்கி வருகைப்பதிவை முழுசாகப் பதிவு செய்திருக்கிறாள். பெயர்களை வெளியே விட மனமில்லை. பெயர் வரும் இடத்தில் ‘பீப்’ போடலாம். தொலைக்காட்சியில் கெட்டவார்த்தைக்குப் போடுகிற ஒலியைத் தோழியின் பெயருக்குப் போடுவதா என்று அதையும் விட்டுவிட்டாள். பெயர்களை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, பதில்களை மட்டும் வரிசையாகக் கோத்திருக்கிறாள். “எஸ் மேம்.” “பிரசென்ட் மேம்.” “உள்ளேன் அம்மா.” “மேம்.” ஒரு கனத்த குரல், தூக்கம் கலையாத ஒரு குரல், வாசலிலிருந்து ஓடிவந்து சொல்கிற ஒரு குரல், வராத தோழிக்காகக் குரலை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்கிற ஒரு குரல், அதற்கு எழும் சிரிப்பு. கேள்வியே இல்லாத பதில்கள் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஓடுகின்றன. பூத்தொடுப்பவர் கையில் கண் தெரியாமல் முடிச்சு விழுவதுபோல, வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டியிருக்கிறது ஒவ்வொன்றும்.

கத்தரித்ததில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். கடைசிப் பெயருக்கு முன்னால் பேராசிரியை ஒரு மூச்சு இழுக்கிறார். பட்டியல் முடிந்துவிட்டது என்று கை பதிவேட்டை மூடப்போய், அடியில் இன்னொரு பெயர் இருப்பது கண்ணில் பட்டு, திரும்பவும் திறக்கும்போது வருகிற மூச்சு. தாள் புரளும் ஓசையும் உண்டு. பிறகு இவள் குரல்: “உள்ளேன் அம்மா.” சென்னையில் “பிரசென்ட் மேம்” என்று சொன்னவள்தான், அந்தப் பதிவும் கட்டுரையின் முற்பகுதியில் இருக்கிறது. மாறியதைச் சுட்டிக்காட்டாமல் போய்விடுகிறாள். மாதம் ஆக ஆக அந்த மூச்சு குறைகிறது என்று மட்டும் ஒரு வரி சொல்கிறாள். ஜூலையில் பதிவுசெய்ததையும் செப்டம்பரில் பதிவுசெய்ததையும் அடுத்தடுத்துப் போடுகிறாள். உண்மைதான், செப்டம்பரில் மூச்சே இல்லை. முந்தைய பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டே இவள் பெயரும் வந்துவிடுகிறது.

காலி வகுப்பறைகளைப் பதிவு செய்ததும் நல்ல யோசனை. யாருமில்லாத அறை சும்மா இருப்பதில்லை. சென்னை அறையில் மின்விசிறியின் முனகலும் அதன் அடியில் எங்கோ சாலையின் இடைவிடாத உறுமலும். வடசென்னிமலை அறையில் ஜன்னல் கொக்கி காற்றில் ஆடுகிறது, மயில் ஒன்று அகவுகிறது. முருகன் மலைக்கு அடியில் மயில் அகவுவது கதைக்காக வைத்தது மாதிரி இருக்கிறது என்று சென்னைத் தோழி சந்தேகப்பட்டாளாம். எங்கள் பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்காரரைக் கேட்டால் மயிலைப் பற்றி வேறுவிதமாகச் சொல்வார்.

குறை இல்லையா என்றால், உண்டு. ஏழாவது நிமிடத்தில் அம்மா பேசுகிறாள். “மெட்ராஸ்ல படிக்கிற புள்ளைன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப ஆத்தூர்லனு சொல்றேன். என்ன இப்ப?” என்கிறாள். அந்த ‘என்ன இப்ப’வில் வருத்தமும் வீம்பும் சரிபாதி. அதற்கு அடியில் ஒரு பியானோவை ஓடவிட்டிருக்கிறாள் மகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோகப் பியானோ. எல்லார் துக்கத்துக்கும் பொதுவாகச் செய்து வைத்தது. அது வந்ததும் அம்மாவின் வீம்பு காணாமல் போய் வருத்தம் மட்டும் மிஞ்சுகிறது. பழைய உரைச்சித்திரத்தின் பொது ரயிலை மறுத்தவள் இந்தப் பொதுப் பியானோவுக்கு எப்படி இடம் கொடுத்தாள்? ‘என் கல்விப் பயணத்தில்’ என்று ஓரிடத்தில் வருவதையும் எடுத்துவிட்டிருக்கலாம். உண்மையான பயணம் மூன்று நிமிடம் தடதடத்து ஓடிய பிறகு அந்தச் சொல் வெறும் அலங்காரம்.

அமெரிக்காவில் கல்லூரி மாறுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அங்கே நடைமுறைப் பாதை. ஒபாமாகூட 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஆக்ஸிடென்டல் கல்லூரியிலிருந்து நியூயார்க்கின் கொலம்பியாவுக்கு மாறியவர்தான். அங்கே மாறுகிறவனிடம் “எங்கே போகிறாய்?” என்று கேட்பார்கள். நம்மிடம் “ஏன், என்னாச்சு?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவள் காட்டியிருக்கும் விதம் சுவையானது: வெவ்வேறு வாய்களிலிருந்து, பாட்டியிலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் வரை, அந்த இரண்டு சொல் மட்டும். பதில் எங்கும் இல்லை. வருகைப்பதிவில் பதில்களை மட்டும் வைத்தவள் இங்கே கேள்விகளை மட்டும் வைத்திருக்கிறாள். இதை அவள் திட்டமிட்டுத்தான் செய்தாள், கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அவளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தபோது அவளுக்கு அலைடு இயற்பியல். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த இந்த வகுப்பில் முதலாண்டிலேயே புள்ளியியல் முடித்துவிட்டார்கள். இவள் அந்தத் தாள்களைத் தனியாக எழுதியாக வேண்டும். மாணவர்களின் மதிப்பலகுகளைச் சேர்த்துவைத்துக் கல்லூரி விட்டுக் கல்லூரி கொண்டுபோவதற்கென்று கிரெடிட் வங்கி ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அறிவித்தது. வங்கி இருந்தாலும் புள்ளியியலை யாராவது படித்துத்தானே ஆகவேண்டும். நவம்பரில் தேர்வு. கட்டணம் கட்டுகிற வரிசையையும், ராத்திரியில் திட்டவிலக்கச் சூத்திரத்தை முணுமுணுத்து மனப்பாடம் செய்வதையும் இப்போதே பதிவு செய்யத் தொடங்கிவிட்டாளாம். அதில் பியானோ கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். “பாக்கலாம் பெரியப்பா” என்றாள்.